ஸ்னேர் ட்ரம்மில் இரண்டு ஓட்டைகள்

மெழுகு வாசம் இன்னும் போகவில்லை, அண்ணே. ஒரு வாரமாக ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். பண்டாரவளைக் குளிர் உள்ளே வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். முன்னறையில் உன் ட்ரம் செட் நிற்கிறது. ஹோட்டல் வாசலில் வைக்கும் பூச்சாடி மாதிரி மினுங்குகிறது. உன்னிடம் இருந்த காலத்தில் அது ஒருநாளும் இப்படி மினுங்கியதில்லை. நீ தூசி துடைப்பாயே தவிர மெழுகு கிட்ட வர விடமாட்டாய். இப்போது அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யார் மேல் இவ்வளவு கோபம் என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். கேட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். எதையும் சிரித்தே சமாளித்த மனிதன் நீ. நான் அப்படி இல்லை. பிள்ளைகளிடம் "கோபப்படாமல் சொல்லு" என்று காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய்தான் இது. பென்ஷன் எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் பொறுமையைப் பாடசாலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தையை அதிகம் எதிர்பார்க்காதே. உன் முதல் திவசத்தில் எல்லாரும் உன் நல்ல குணத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு படிப்பித்த டீச்சர் ஒருத்தியின் மகளுக்கு எல்லவில் கல்யாண விருந்து. சாப்பிட்டுவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்ததால் தெருவில் நடந்தேன். எல்ல இப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு திரியும் ஊர். அவர்களுக்காகவே ஒரு கடை: பழைய பங்களாச் சாமான் விற்கிற கடை. துரைமார் சாய்ந்து கிடந்த நாற்காலிகள், பித்தளை மணிகள், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பு மாட்டிய விளக்குகள். சுவரில் ஒரு தப்பு மேளம். நம் அப்பா அடித்த தப்பு மாதிரியேதான். அதன் தோலுக்கு நடுவில் ஓட்டை போட்டு, முள் வைத்து, மணிக்கூடாக மாற்றியிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது, சரியான நேரம் காட்டிக்கொண்டு. அங்கேயே எனக்குத் தலை சூடாகிவிட்டது.

அதற்குக் கீழேதான் உன் செட் நின்றது. பெரிய ட்ரம், அதன் மேல் ஒன்று, பக்கத்தில் காலூன்றி நிற்கிற ஒன்று, அடியில் கம்பிச் சுருள் வைத்த ஸ்னேர், ஸ்டூல். எல்லாம் அதே முத்து வெள்ளை. உன்னுடையதுதானா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய ட்ரம்மின் விளிம்பில் அந்தக் கருகல் இருந்தது. நீ தீபாவளி அட்வான்ஸை எல்லாம் இதில் கொட்டிவிட்டாய் என்று அம்மா ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, தீபாவளி அன்று காலையில் மனசு கேட்காமல் அதற்கே கற்பூரம் காட்டி, முத்து வெள்ளைத் தகட்டைப் பொசுக்கிவிட்டாளே, அந்த இடம். எத்தனை மெழுகு போட்டாலும் அது போகாது.

முன்னால் ஓர் அட்டை வைத்திருந்தார்கள், ஆங்கிலத்தில். தேயிலைத் துரைமாரின் கிளப்பிலிருந்து வந்த இங்கிலாந்துச் செட், கிளப் மேடையில் மட்டுமே வாசிக்கப்பட்டது, எதுவும் மாற்றப்படவில்லை, கீழே விலை. அந்த அட்டையை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உன்னை ஒரு சொல்லில்கூட வைக்கவில்லை.

கிளப்பிலிருந்து வந்தது என்பது மட்டும் உண்மை. உனக்கு ஞாபகம் இருக்கும். மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் துரைமார் கிளப்பில் கிளாஸ் கழுவப் போவாய். கிளப்பைப் பூட்டப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், கிளார்க்கிடம் பேசலாம் என்று. மேடைக்குப் பின்னால் இருந்த இருட்டு அறையில் செட் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. நீ அதை விலை மதித்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாய். தோல் கிழிந்திருந்த பெரிய ட்ரம்முக்குள் தலையை விட்டு மரத்தை மோந்தாய். திருகாணிகள் எல்லாம் ஒரே சாதியா என்று தடவிப் பார்த்தாய். மேலே பதித்த பெயர்த் தகட்டின் எழுத்தை என்னை வாசிக்கச் சொன்னாய். கிளார்க் சிரித்துக்கொண்டே நின்றான்.

கடைசியில் ஸ்டூலைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாய். ஒன்றையும் அடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாய். அவன் விலை சொல்வதற்கு முன்னாலேயே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது.

லொரியில் ஏற்றிக்கொண்டு வரும்போது என்னிடம் சொன்னாய்: "பாத்தியா பாப்பா, இத உட்காந்துகிட்டுத்தான் அடிக்க முடியும். நடந்துகிட்டு அடிக்கவே முடியாது."

இது என்ன பெரிய விசேஷம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நம்முடையது தப்பு அடிக்கிற குடும்பம். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க ஆளைக் கூப்பிடவும் அப்பாதான் அடிக்க வேண்டும், கோயிலுக்கும் அப்பாதான், தோட்டத்தில் யார் செத்தாலும் அப்பாதான். செருப்பில்லாமல், பிணத்துக்கு முன்னால், குழி வரைக்கும் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு வேட்டியும் ஒரு போத்தலும் கொடுப்பார்கள். மாட்டேன் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. உனக்குத் தாளம் பிடிக்கும், அந்த நடைதான் பிடிக்காது. யாராலும் தூக்கிக்கொண்டு நடக்க வைக்க முடியாத ஒரு மேளத்தைத் தேடி நீ வாங்கினாய். அந்தக் கிளப் அறையில் அதுதான் உன் கணக்கு. மரமும் திருகாணியும் அதற்குப் பிறகுதான்.

எல்லவில் அந்த அட்டைக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துக் கடைக்காரர் வந்தார். இளந்தாரி, நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்று பிறகு சொன்னார்.

"பாருங்க மேடம், தொட்டுப் பாருங்க. இந்த மாதிரி செட் இப்ப லங்காவுலேயே கெடையாது. உள் மரம் பாருங்க, தகடு பாருங்க, ஒரு திருகாணி மாறல. மாறாம இருந்தாத்தான் இதுக்கு வெல."

"எங்க வாங்குனீங்க தம்பி?"

"கிளப் சாமான் மேடம். கை மாறி வந்துச்சு."

கை மாறி வந்த கதை எனக்குத் தெரியும். உன் மகன் கொழும்பிலிருந்து வந்து, உன் வீட்டைக் காலி செய்யும்போது, பழைய சாமான் வாங்க வந்த வேனில் ஏற்றி விட்டிருக்கிறான். நான் கேட்டதற்கு, "ஓட்டை விழுந்த பழைய செட்டு அத்தை, வைக்க எடம் இல்ல" என்றான். அவனை நான் திட்டவில்லை. அவனுக்கு என்ன தெரியும்? நீ ஒன்றும் சொல்லவில்லையே.

நான் மேல் தோல் கழற்றியிருந்த ஸ்னேரை எடுத்து இடுப்போடு அணைத்து, உள்பக்கம் தடவினேன். மரம் வழவழவென்று போய், ஓர் இடத்தில் சொரசொரத்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, வெளியே முத்து வெள்ளையில் பூசி மறைத்திருந்தார்கள்.

"இது என்ன தம்பி?"

அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "கண்டுபுடிச்சிட்டீங்களே மேடம். ரெண்டு ஓட்டை இருந்துச்சு. வெவரம் தெரியாத எவனோ போட்டிருக்கான். நல்ல சாமானக் கெடுத்து வச்சிருக்கான் மடையன். நாங்கதான் அடைச்சோம்."

மடையன் என்றார், அண்ணே. உன்னை.

தோட்டத்து ஆட்களை எல்லாம் கையில் வைத்திருந்த பெரிய கங்காணி செத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அவருடைய மகன் நம் லயத்து வாசல் வரை வரவில்லை, கீழே ரோட்டில் நின்றே உன்னைக் கூப்பிட்டார். "டேய், இங்கிலீசு மேளம் வாங்கி வச்சிருக்கியாமே. நாளைக்கு அப்பாவுக்கு அதையும் சேத்து அடிச்சிரு. தோட்டமே பாக்கட்டும்" என்றார்.

நீ பணிவாகத்தான் சொன்னாய். "அது நடந்துகிட்டு அடிக்கிறது இல்லீங்க. உட்காந்து வாசிக்கிற சாமான். வேணும்னா வாசல்ல வச்சு வாசிக்கிறேன்."

"உட்காந்தா? எங்கப்பன் பொணம் போகும்போது நீ உட்காந்திருப்பியா?"

அதோடு அவர் போய்விட்டார். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அப்பாதான் உன்னிடம் கெஞ்சினார். அம்மா யாருக்குக் கீழே கொழுந்து எடுக்கிறாள், நாம் யார் கொடுத்த லயத்துக் காம்பராவில் படுக்கிறோம், எல்லாம் சொன்னார். நீ எழுந்து போனாய். ஸ்டோரில் இருந்து கைத் துளைப்பானைக் கொண்டுவந்தாய். திருகாணிக் கம்பியில் கயிறு கட்டினால் இழுவையில் கம்பி வளைந்துவிடும், மரத்தில் துளைத்துக் கொக்கி போட்டால் கெடுதல் குறைவு என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாய், ஏதோ கணக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் மாதிரி. நான் ஸ்னேரைப் பிடித்துக்கொண்டேன். நீ அளந்து, புள்ளி வைத்து, இரண்டு ஓட்டை போட்டாய். முத்துத் தகடு சுருள் சுருளாக உதிர்ந்தது. அப்போதும் நீ அழவில்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கழுத்தில் கயிறு போட்டு, செருப்பில்லாமல், அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தாய். நன்றாகவே வாசித்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மோசமாக அடித்திருக்கக்கூடாதா? எல்லாரும் அழுகையை மறந்து உன்னையே பார்த்தார்கள். கங்காணி மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு ஒரு வேட்டியும் போத்தலும், உனக்கு ஒரு வேட்டியும் போத்தலும்.

அந்த மாதமே நீ தோட்டத்தை விட்டுப் பதுளைக்குப் போனாய். சவுண்ட் சர்வீஸில் வேலை, பிறகு கல்யாண மண்டபங்களில் உன் பேண்ட். உட்கார்ந்துதான் வாசித்தாய், கடைசி வரை. ஆனால் ஸ்னேரை வைக்கும்போது ஓட்டை ஒன்று உன் வயிற்றுப் பக்கமும் மற்றது பெரிய ட்ரம் பக்கமும் வரும்படி திருப்பி வைப்பாய். யாராவது கண்டு கேட்டால், "ஆணி அடிக்கப் பாத்தேன், மரம் நல்ல மரமான்னு" என்று சொல்லிச் சிரிப்பாய். உன் மகனிடமும் அதே கதைதான் சொன்னாய். நல்ல அப்பன். அவன் மனசில் கசப்பு வரக்கூடாது என்று நினைத்தாயாக்கும். அதனால்தான் அவன் கையாலேயே இது வேனில் ஏறியது. உன்னைப் பெற்றவரை நடக்க வைத்தார்கள், உன்னை நடக்க வைத்தார்கள், மூன்றாவது ஆளுக்கு அது ஒரு ஆணி அடித்த கதை. இதற்கு நான் உன் மேல் கோபப்படாமல் வேறு யார் மேல் படுவது?

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே, குரலை உயர்த்தித்தான் சொன்னேன். கடையில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த மடையன் என் அண்ணன் என்றேன். ஏன் போட்டான் என்று சொன்னேன். அவர் தோட்டத்துப் பிள்ளைதானே, பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தாத்தாவும் அப்படி நடந்தவராகவே இருக்கலாம், அல்லது நடக்க வைத்தவராக. நான் கேட்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இத அப்படியே ஒரு அட்டையில எழுதித் தந்தீங்கன்னா, அடைச்சதத் தொறந்து விட்டுருவேன். இந்த மாதிரிக் கதைன்னா அவங்களுக்கு உசிரு. இதுக்கு இன்னும் வெல வரும்."

அடைத்தால் ஒரு விலை, திறந்தால் அதைவிட நல்ல விலை. அவர் கெட்டவர் இல்லை, அண்ணே. உண்மையில் எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ரயிலுக்குப் போயிருப்பேன். நம்மை நடக்க வைத்தார்கள் என்பதும் இனிமேல் ஒரு வெளிநாட்டு ஹோட்டல்காரன் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற வேடிக்கையாகிவிடும், காப்பி குடித்துக்கொண்டே ஓட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் என் பையைத் திறந்தேன்.

"நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

அவர் உடனே விலையைக் குறைக்கப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதே, அதற்குக் கழித்துக்கொள்கிறேன் என்றார். "ஒரு சதம் கழிக்காதீங்க. அட்டையில போட்டத அப்படியே எடுங்க" என்றேன். அவருக்கு என்னைப் பைத்தியம் என்று பட்டிருக்கும். உனக்கும் பட்டிருக்கும். பேரம் பேசாமல் நம் குடும்பத்தில் யாரும் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியதில்லை. ஆனால் அந்த ஓட்டைகளுக்காக யாரும் எனக்கு எதையும் தள்ளித் தர வேண்டாம். அவை அந்தச் செட்டின் குறை இல்லை.

பிறகு அடைத்ததை எடுக்கச் சொன்னேன். "எடுத்தா மேடம், நாளைக்கு நீங்க விக்கப் போனா யாரும் நல்ல வெல தரமாட்டாங்க. நானும் திருப்பி எடுக்க ஏலாது" என்றார். எடுங்க தம்பி என்றேன். உளி வைத்துத் தட்டி, பசையைச் சுரண்டி எடுத்தார். கவனமாகத்தான் செய்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

ஒரு சின்ன லொரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் தனி மனுஷி, வாசிக்கத் தெரியாதவள், முட்டி வலிக்காரி. எனக்கு எதற்கு ட்ரம் செட் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அண்ணனுடையது என்று மட்டும் சொன்னேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நேற்றுப் போன் வந்தது. தோட்டத்திலிருந்து. லொரிக்காரன் நம் தோட்டத்துப் பையன் என்பதால் நான் சொல்லாமலேயே செய்தி அங்கே போய்விட்டது. பேசியது யார் தெரியுமா? பெரிய கங்காணியின் மகன்தான். கிழவராகிவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர். உன்னை டேய் என்று கூப்பிட்ட அதே வாயால் என்னை டீச்சரம்மா என்றார்.

"டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா? அண்ணன் செட்ட நீங்க வாங்கிட்டீங்களாமே, நல்ல காரியம். அது நம்ம தோட்டத்துச் சொத்து இல்லீங்களா? இந்த வருசம் தேருக்கு முன்னாடி அதுவும் வந்தா எடுப்பா இருக்கும். அண்ணன் பேர மைக்குல சொல்லிருவோம்."

"யாருங்க அடிப்பாங்க?"

"நம்ம தப்புக்காரப் பயலுக இருக்கானுகல்ல. ஒருத்தன் கழுத்துல மாட்டிக்குவான். மாட்டுறதுக்கு அதுல வசதி இருக்குன்னு ஞாபகம்."

வசதி என்றார். ஓட்டை அவருக்கு ஞாபகம் இருக்கிறது, அண்ணே. எப்படி வந்தது என்பதுதான் ஞாபகம் இல்லை.

என் குரல் எனக்கே ஆச்சரியமாக அமைதியாக இருந்தது. "உங்க பேரன் பதுளையில ட்ரம் கிளாசுக்குப் போறதாச் சொன்னாங்களே" என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சரம்மா. நல்லா வாசிக்கிறான். சர்டிபிகேட்டெல்லாம் வாங்கியிருக்கான்."

"அப்ப அவன் கழுத்துல மாட்டி விடுங்க. செருப்பக் கழட்டிட்டு, தேருக்கு முன்னாடி கோயில் வரைக்கும் நடந்துகிட்டே அடிக்கட்டும். நானே கொண்டாந்து தர்றேன்."

அவர் லேசாகச் சிரித்தார்.

"என்ன டீச்சரம்மா நீங்க. அவன் எப்படி நடந்துகிட்டு? அது உட்காந்து வாசிக்கிற சாமான் இல்லீங்களா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பொம்பளைக்கு எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த மாதம் உன் மகன் லீவில் வருகிறான். அவனை அந்த ஸ்டூலில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து அந்த இரண்டு ஓட்டையிலும் வைத்து, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், ஒருவர் பெயரையும் விடாமல். அவனுக்குக் கசக்கட்டும். நீ மன்னித்துவிட்டுப் போனாயோ, மறந்துவிட்டுப் போனாயோ, எனக்குத் தெரியாது, நீ சொல்லவும் மாட்டாய். நான் இரண்டும் செய்யவில்லை. நீ படாமல் விட்ட கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன், அண்ணே. அது எனக்குப் பாரமாக இல்லை.